16 வயதுக்குப் பிறகும் பிள்ளைகள் மல்யுத்த மெத்தைக்கு வர வேண்டுமென்றால்: வன்னியில் மல்யுத்தம் பழக்கத் தொடங்குவோருக்கு

வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மல்யுத்தக் குழு தொடங்குவது பெரிய வேலை இல்லை. 10 வயதுப் பிள்ளைகளிடம் "நாளைக்கு மல்யுத்தம்" என்று சொன்னால் போதும், அடுத்த நாள் மண்டபம் நிரம்பிவிடும். கஷ்டம் ஆறு வருடம் கழித்துத்தான் தெரியும். போட்டிக்குப் போனால் கீழ்ப்பிரிவில் எடை பார்க்க நீண்ட வரிசை நிற்கும். மேல்பிரிவில் சில எடைகளுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றுகூட இருக்காது. அன்று வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலர் ஊரில்தான் இருக்கிறார்கள், விளையாட்டில் மட்டும் இல்லை.

புதிதாகத் தொடங்கும் உடற்கல்வி ஆசிரியர், கழகம் நடத்த நினைக்கும் பழைய வீரர், "எங்கட பிள்ளைக்கும் பழக்கலாமோ" என்று கேட்கிற பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் எந்த இடத்தில் விடுபடுகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். உயரம் பாய்கிற வயது, பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிற காலம், ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) வருடம், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிந்த பிறகு வருகிற வெறுமை: இந்த நாலு இடங்களில்தான். அந்த இடம் வந்த பிறகு ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. ஒரு வருடம் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். கீழே நான் சொல்கிற எல்லாம் அந்த ஏற்பாடுகள்தான்.

முதலில் நேரத்தையும் வீட்டுக்குப் போகிற வழியையும் சரிக்கட்டுங்கள்

நுட்பம் எல்லாம் பிறகு. வன்னியில் பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் முதல் கேள்வி. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். பிள்ளை சாப்பிட்டு ஆறி வர இரண்டரை ஆகும். நாலு, நாலேகாலுக்கு நீங்கள் முடித்துவிட வேண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் பொழுது சாய்ந்தால் யானை றோட்டுக்கு வரும். கடைசி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. "இன்னும் பத்து நிமிடம்" என்று ஒரு நாள் பிந்தினால், அந்தத் தாய் அடுத்த நாள் பிள்ளையை அனுப்பமாட்டார். அவர் செய்வது சரி.

பிள்ளைகள் எந்த வழியால் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வழியில் சைக்கிளில் போகிறவர்களைச் சேர்த்து விடுங்கள், மூத்த பிள்ளை ஒன்று பின்னால் போகட்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சேர்ந்து வருகிற பிள்ளைகள் தனியே விடுவது குறைவு. ஒருவன் சோம்பல்படுகிற நாளில் மற்றவன் படலையில் நின்று மணி அடிப்பான்.

மெத்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். போட்டி மெத்தை 12 மீற்றருக்கு 12 மீற்றர், நடுவில் 9 மீற்றர் விட்டமுள்ள வட்டம். எங்கள் பக்கத்தில் அப்படி முழு மெத்தை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கிடைக்காது. ஆனால் மணல் இருக்கிறது. கடற்கரை மல்யுத்தம் என்று உலக மல்யுத்தக் கூட்டமைப்பே நடத்துகிற ஒரு வகை உண்டு. 7 மீற்றர் விட்டமுள்ள மணல் வட்டம், 3 நிமிடம், முதலில் 3 புள்ளி எடுப்பவர் வெற்றி. நின்றபடி மட்டும்தான் மோதல், நிலத்தில் கிடந்து பிடிபடுவது இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலோ, வட்டமாகக் கிண்டிக் கல்லும் வேரும் பொறுக்கிய பள்ளிக்கூட வளவிலோ இதைச் செய்யலாம். கால் பிடிக்கவும், தள்ளுகிற ஆளைச் சமாளித்து நிற்கவும் மணல் நன்றாகவே பழக்கும். ஆளைத் தூக்கி எறிகிற வித்தைகளை மட்டும் உண்மையான மெத்தை கிடைக்கும் வரை தொடாதீர்கள்.

ஒரு பதிவேடு, ஒரு வீட்டுப் பயணம்

வரவுப் பதிவேடு வையுங்கள். பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் தொலைபேசி எண், ஒவ்வொரு நாளும் ஒரு கோடு. சாதாரண சி.ஆர். கொப்பி போதும். அதைக் கிழமைக்கு ஒரு தரம் உண்மையிலேயே வாசிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் கிழமையிலேயே போங்கள். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் எல்லாருமே "காய்ச்சல் சேர்" என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் காரணம் தானாகத் தெரியும். அப்பா கடலுக்குப் போக முடியாமல் இருக்கிறார், பிள்ளை வலை வேலை செய்கிறான். காலபோக அறுவடை, வயலில் ஆள் தேவை. சப்பாத்து பிய்ந்துவிட்டது, சொல்ல வெட்கம். மூத்த பெடியன் ஒருவன் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். இவற்றில் ஒன்றுக்கும் மல்யுத்தத்தோடு சம்பந்தம் இல்லை, ஆனால் எல்லாமே ஒரு பிள்ளையை நிறுத்திவிடும்.

அறுவடைக்கு நிற்கிற பிள்ளையிடம் "கட்டாயம் வா" என்று சொல்லாதீர்கள். "அறுப்பு முடிய எப்ப? சரி, அடுத்த செவ்வாய்க்கிழமை பாப்பம்" என்று ஒரு நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள். திரும்பி வருவதற்கு நாள் குறித்த பிள்ளை பெரும்பாலும் வரும். நாள் குறிக்காமல் நின்ற பிள்ளைக்கு ஒரு மாதம் போனால் வர வெட்கமாகிவிடும்.

பெற்றோரின் பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 வரை நடந்ததைக் கண்ட தலைமுறை இப்போது பெற்றோராக இருக்கிறது. காயம், உடைந்த கை, ஆஸ்பத்திரி என்கிற சொற்கள் அவர்களுக்கு உங்களுக்குக் கேட்பது போலக் கேட்காது. "விளையாட்டு எண்டா அடிபடத்தான் செய்யும்" என்று சிரித்துவிட்டு வராதீர்கள். அவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டு, முதல் மாதம் முழுக்க நீங்கள் பழக்குவது விழுவதைத்தான் என்று காட்டுங்கள். நாடியை நெஞ்சோடு சேர்ப்பது, கையை ஊன்றாமல் தோளால் உருளுவது, குந்தியிருந்து பின்னால் சரிவது. கை உடைவதில் கணிசமானவை கையை நேராக ஊன்றி விழுவதால்தான். பிள்ளை உருண்டு எழும்புவதைக் கண்ணால் கண்ட தாய்க்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

12 வயது வரை பதக்கத்தை ஒதுக்கி வையுங்கள்

சின்ன வயதில் வெல்கிற பிள்ளை பெரும்பாலும் முந்தி வளர்ந்த பிள்ளை. தோற்கிற பிள்ளை பெரும்பாலும் பிந்தி வளர்கிற பிள்ளை. இரண்டும் திறமைக்கு அளவு இல்லை. ஆனால் 11 வயதில் ஆறு தரம் தோற்றவனுக்கு அது தெரியாது. தனக்கு இது சரிவராது என்று முடிவெடுத்துவிடுவான். அவன் 17 வயதில் எப்படி இருந்திருப்பான் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே தோற்றால் வீட்டுக்குப் போகிற போட்டி முறையைச் சின்னப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள். பஸ் பிடித்து இரண்டு மணித்தியாலம் வந்து, இரண்டு நிமிடம் மோதி, மத்தியானம் வரை வாங்கிலில் இருந்துவிட்டுப் போவதில் என்ன இருக்கிறது? எடை கிட்டத்தட்ட ஒத்த நாலு பேரை ஒரு குழுவாக்குங்கள். எல்லாரும் எல்லாரோடும் மோதட்டும், ஒவ்வொருவருக்கும் மூன்று மோதல் கிடைக்கும். எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். 30 கிலோ பிள்ளைக்கு 33 கிலோ பிள்ளை சரி, 37 கிலோ பிள்ளை சரியில்லை. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம், பரந்தன் என்று பக்கத்து ஊர்க் குழுக்கள் இரண்டு சேர்ந்தாலே ஒரு சனிக்கிழமைக் காலையில் இதை முடிக்கலாம். நடுவர் சீட்டு, கிண்ணம், பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் தேசிக்காய்த் தண்ணியும் போதும்.

இந்த வயதில் மற்ற விளையாட்டுகளோடு போட்டி போடாதீர்கள். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும், பிள்ளை ஓடட்டும். உதைபந்து, கரப்பந்து விளையாடட்டும். சடுகுடு விளையாடுகிற பிள்ளை உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற மல்யுத்த வீரர்: கால் பிடிக்கத் தெரியும், பிடிபட்டால் இழுத்துக்கொண்டு போகவும் தெரியும். "என்னிடம் வந்தால் வேறெதுக்கும் போகக் கூடாது" என்று சொல்கிற பயிற்றுவிப்பாளரிடம் பிள்ளை இரண்டு வருடம் நிற்கும், அவ்வளவுதான்.

உயரம் பாய்கிற வயது

நல்ல பிள்ளைகள் கைவிட்டுப் போகிற முதல் இடம் இது. பெண்பிள்ளைகள் சுமார் 12 வயதிலும், ஆண்பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயருவார்கள். அந்த உச்ச வருடத்தில் ஆண்பிள்ளை 9, 10 சென்ரிமீற்றர் வளருவது சாதாரணம். கால் நீண்டுவிடும், உடம்பு இன்னும் பழைய கால் என்று நினைத்துக்கொண்டிருக்கும். போன வருடம் அழகாக உள்ளே புகுந்து கால் பிடித்தவன் இந்த வருடம் தடக்கி விழுவான். தன்னைவிடச் சின்னவனிடம் தோற்பான். என்ன நடந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லாவிட்டால், தான் கெட்டுப்போனதாக நினைத்து நின்றுவிடுவான்.

மண்டபச் சுவரில் ஒரு அளவுகோல் கீறுங்கள். தவணைக்கு ஒரு தரம் எல்லாரையும் நிறுத்தி அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒருவன் ஒரு தவணையில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் பாய்ந்திருந்தால் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "தம்பி, நீ வளர்ற. அதான் கால் சொல்றதைக் கேக்கேல்ல. ஒரு வருசத்தில சரிவரும்." இந்த மூன்று வசனத்துக்கு இருக்கிற பலன் எந்தப் பயிற்சிக்கும் இல்லை. அந்த வருடம் அவனுக்குப் போட்டியைக் குறையுங்கள். நிற்கும் நிலை, நடை, தலை வைக்கிற இடம் என்று அடிப்படைக்குத் திரும்புங்கள். பழைய பிடி வராவிட்டால் புது உடம்புக்கு ஏற்றது ஒன்றைப் பழக்குங்கள். நீண்ட கையுள்ளவனுக்கு ஒற்றைக் கால் பிடி நன்றாக வரும். குட்டையாக இருந்தபோது இரட்டைக் கால் பிடியில் வென்றவன் இதைத் தானாகக் கண்டுபிடிக்கமாட்டான்.

முழங்காலுக்குக் கீழே, எலும்பு துருத்துகிற இடத்தில் நோகுது என்று இந்த வயதில் பலர் சொல்வார்கள். வளர்கிற எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருகிற நோ அது. நடிக்கிறான் என்று நினைத்து மேலும் குந்தியெழும்ப வைக்காதீர்கள். பாய்கிற, முழங்கால் ஊன்றுகிற பயிற்சிகளைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால் வைத்தியரிடம் அனுப்புங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறிய பிள்ளையை அன்று மறுபடி மெத்தைக்கு விடவே கூடாது. அது இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. இதில் பேச்சுக்கு இடமில்லை.

எடையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

இந்த விளையாட்டின் பெரிய கெட்ட பழக்கம் இது. பிள்ளைகளைத் துரத்துகிற காரணங்களிலும் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஒரு எடை கீழே போனால் வெல்லலாம் என்று தண்ணீர் குடிக்காமல் விடுவது, பொலித்தீன் சுற்றி ஓடுவது, இரண்டு நாள் பட்டினி. 1997 இல் அமெரிக்காவில் எடை குறைக்கப் போன மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதிகளை இறுக்கினார்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்கு வந்த இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோவுக்கு 100 கிராம் கூடியதால் வெளியேற்றப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அந்த இரவு முழுக்கப் பயிற்றுவிப்பாளர்கள், வைத்தியர்கள் என்று ஒரு கூட்டமே அவரோடு நின்றது. உங்கள் பிள்ளையோடு யார் நிற்கிறார்கள்?

எங்கள் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளில் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் குடும்பங்களைப் பாடாய்ப்படுத்துகிறது. இந்த மண்ணில் ஒரு பயிற்றுவிப்பாளர் பிள்ளையிடம் "தண்ணி குடிக்காதே" என்று சொல்லலாமா?

என் விதி எளிது. பள்ளிக்கூடப் பிள்ளை எந்த எடையில் இருக்கிறதோ அந்த எடையில் மோதும். வளர்ந்தால் மேல் எடைக்குப் போகும். தவணைத் தொடக்கத்தில் எடை பார்த்து எழுதுங்கள், போட்டிக் கிழமையில் அதைவிடக் குறைந்து நின்றால் ஏன் என்று கேளுங்கள். சாப்பாட்டில் ஆடம்பரம் வேண்டாம். அவித்த கௌபி, கடலை, முட்டை, மீன், குரக்கன் புட்டு, தயிர் எல்லாம் எங்கள் ஊரிலேயே கிடைப்பவை. பயிற்சி முடிந்ததும் ஒரு பானை கௌபி அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொடுத்துப் பாருங்கள். பெற்றோர் முறைவைத்து அவிக்கட்டும். வீட்டில் மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல் வருகிற பிள்ளை எது என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளையைத் தனித்துக் காட்டாமல் சாப்பிட வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தோல் விஷயம் சுருக்கமாக: படர்தாமரை, சிரங்கு இருக்கிற பிள்ளை மாறும் வரை மோதக் கூடாது, ஆனால் மண்டபத்துக்கு வரலாம், புள்ளி எழுதலாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் மெத்தையைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் துடையுங்கள். நகம் வெட்டாதவருக்கு அன்று மெத்தை இல்லை.

பெண்பிள்ளைகள்

பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 57 கிலோ பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் எடுத்துத் தந்தவர் நெத்மி பொருத்தொட்டகே, அப்போது 18 வயதுப் பெண். இந்தக் கதையைப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஆனால் கதை மட்டும் ஒரு பெண்பிள்ளையையும் தக்கவைக்காது.

பிள்ளை பெரியபிள்ளையான பிறகு வீட்டில் ஒரு பேச்சு வரும். "இனி என்னத்துக்கு உருண்டு பிரளுறது?" அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே உங்களிடம் நாலு விஷயம் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, பயிற்சி நேரம் முழுக்க ஒரு பெண் ஆசிரியரோ, ஒரு தாயோ, மூத்த வீராங்கனையோ மண்டபத்தில் இருப்பார். இரண்டு, உடுப்பு மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, அதற்குள் ஒரு பெட்டியில் மாதவிடாய்க்கான பாட். கேட்காமல் எடுக்கலாம், எடுத்ததற்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். மூன்று, பயிற்சிக்கு உடம்போடு ஒட்டுகிற சிங்லெட் கட்டாயமில்லை. ரி-சேட்டும் நீளக் காற்சட்டையும் போதும், போட்டி உடுப்பு போட்டியில் மட்டும். நாலாவது, பெண்பிள்ளை பெண்பிள்ளையோடுதான் மோதும். அதற்கு ஆள் வேண்டும். எனவே பெண்பிள்ளைகளை ஒருபோதும் தனியாகச் சேர்க்காதீர்கள். ஒருத்தி வந்தால் அவளிடமே "ரெண்டு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். மூன்று பேராக வந்தவர்கள்தான் நிற்கிறார்கள்.

மாதவிடாய் நாளில் வரலாமா என்று உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். பெண் ஆசிரியர் மூலமாக ஒரு தரம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்: வரலாம், மோதலாம், நோவாக இருந்தால் இலேசான பயிற்சி செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

பிடித்துப் பழக்குகிற விளையாட்டு இது. ஆகவே தொடுகைக்கு விதி இருக்க வேண்டும், ஆண்பிள்ளைகளுக்கும் அதே விதிதான். பிடியை நீங்கள் காட்ட வேண்டியிருந்தால் எல்லாருக்கும் முன்னால், முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியே இருக்காதீர்கள். செய்தி அனுப்புவது பெற்றோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவுக்கு மட்டும். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற எண்ணை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இதை எழுதி வைக்கத் தயங்குகிற இடத்துக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

ஓ.எல் வருடம்

பதினொராம் ஆண்டு தொடங்கியதும் அம்மா ஒருவர் வருவார். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"சேர், குறைநினைக்காதேங்கோ. இவன் இனி வரமாட்டான். சோதினை வருது."

"சரி அம்மா. ரியூசன் எந்தெந்த நாள்?"

"திங்கள், புதன், வெள்ளி. சனியும் காலமை."

"அப்ப செவ்வாயும் வியாழனும் முக்கால் மணித்தியாலம் விடுங்கோ. போட்டி ஒண்டுக்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டன். சோதினைக்கு ஒரு மாதம் இருக்கேக்க அதையும் நிப்பாட்டுவம்."

வாதாடாதீர்கள். "விளையாட்டும் முக்கியம்" என்று அந்த அம்மாவுக்கு நீங்கள் பாடம் எடுக்கக் கூடாது. வன்னியில் ஒரு குடும்பம் தலைநிமிர இருக்கிற வழிகளில் அந்தப் பரீட்சை பெரியது, அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கேட்பது கொஞ்ச நேரம் மட்டும். அந்த முக்கால் மணித்தியாலத்தில் கடும் மோதல் இல்லை. உடம்பைச் சூடாக்கி, பழைய பிடிகளைச் செய்து, வியர்த்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்கக் கதிரையில் இருந்த பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதல். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் அனுப்புங்கள்.

பரீட்சை முடிகிற நாள்தான் உங்கள் நாட்காட்டியில் மிக முக்கியமான நாள். கடைசிப் பாடம் முடிந்த கிழமையிலேயே பயிற்சிக்கு நாள் குறியுங்கள். ஏனென்றால் பெறுபேறு வரும் வரையான மாதங்களில் பல பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். பெடியள் கூலி வேலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போகிற காலமும் அதுதான். அந்த மாதங்களில் நீங்கள் ஒன்றும் வைக்காவிட்டால் பிள்ளை உங்களுடையது இல்லை. பிடிக்கு வராத நுட்பங்களை ஆறுதலாக இருந்து பழகுவதற்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது.

இந்த வயதுக்கான போட்டி விதிகளையும் அப்போது சொல்லிக்கொடுங்கள். உலக விதிப்படி 17 வயதுக்குட்பட்ட பிரிவில் தலா 2 நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 செக்கன் ஓய்வு. 20 வயதுக்குட்பட்ட பிரிவுக்குப் போனதும் அது தலா 3 நிமிடமாக இரண்டு சுற்றாகிவிடும். மொத்தம் 4 நிமிடம் மோதிப் பழகிய உடம்புக்கு 6 நிமிடம் வேறு உலகம். கடைசி ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கித் தோற்கிற 18 வயதுப் பெடியன் தனக்கு வயது போய்விட்டது என்று நினைப்பான். அவனுக்கு வேண்டியது ஆறு மாத மூச்சுப் பயிற்சி. 16 வயதிலேயே பயிற்சி மோதல்களை 6 நிமிடத்துக்கு நீட்டத் தொடங்குங்கள். பாடசாலைப் போட்டிகளின் வயதுப் பிரிவும் எடைப் பிரிவும் வேறாக இருக்கலாம், அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு வாங்கி மண்டபத்தில் ஒட்டுங்கள்.

சான்றிதழ்க் கோவை

சின்ன வேலை, ஆனால் இதைச் செய்யாமல் பிறகு அழுதவர்கள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்ரிக் கோவை. வலய, மாகாண, தேசியச் சான்றிதழ்களின் மூலப்பிரதி வீட்டில், நிழற்படப் பிரதி உங்கள் அலுமாரியில், கைபேசியில் ஒரு படம். இடம்பெயர்ந்து ஆவணம் எல்லாம் தொலைத்த ஊர் இது, காகிதத்தின் அருமையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசிய மட்டத்தில் உயர்ந்த இடம் எடுத்தவர்கள் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் ஏ.எல் சித்தியடைந்திருக்க வேண்டும். "மல்யுத்தம் செய்தால் கம்பஸ் கிடைக்கும்" என்று ஆசை காட்டாதீர்கள். கிடைக்கிறவர் மிகச் சிலர். கல்வியியற் கல்லூரியில் உடற்கல்விப் பாடநெறி, விளையாட்டு விஞ்ஞானக் கற்கை என்று மற்ற வழிகளையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

ஏ.எல்லுக்குப் பிறகு

பள்ளிக்கூடம் முடிந்ததும் மண்டபம் அவர்களுக்குச் சொந்தமில்லாமல் போகிறது. அதனால்தான் போகிறார்கள். எனவே பிள்ளைகள் 17 வயதில் இருக்கும்போதே ஒரு விளையாட்டுக் கழகத்தைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் மூலம் பதிவு செய்து வையுங்கள். கழகம் இருந்தால் பிரதேச, மாவட்ட மட்டம் வழியாகத் தேசிய விளையாட்டு விழா வரை போகலாம், இளைஞர் விளையாட்டு விழாவிலும் பங்குபற்றலாம். மண்டபத்தை ஞாயிறு காலை பாவிக்க அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அதிபர் மாறினால் போய்விடும்.

ஞாயிறு காலை ஏன் என்றால், அவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போவார்கள். ஆடைத் தொழிற்சாலை, கடை, வயல், தோணி. கிழமையில் ஒரு நாள் வந்தால் போதும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாராவாரம் ஐந்து நாள் வராதவனை அணியில் சேர்க்கமாட்டேன் என்றால் அவன் ஒரு நாளும் வரமாட்டான்.

இலங்கையில் மூத்தோர் மல்யுத்தத்தில் முப்படை அணிகள்தான் பலமாக இருக்கின்றன. நல்ல வீரனுக்கு அந்த வழி காட்டப்படும். வன்னிக் குடும்பத்துக்கு அது இலேசான முடிவு இல்லை. பயிற்றுவிப்பாளர் தள்ளவும் கூடாது, தடுக்கவும் கூடாது. குடும்பம் இருந்து பேசட்டும்.

எல்லாரும் வீரராகத் தொடர வேண்டியதில்லை. 15 வயதிலிருந்தே ஒவ்வொரு மூத்த பிள்ளைக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பொறுப்புக் கொடுங்கள். விழப் பழக்குவதை அவர்கள் பழக்கட்டும். சின்னவனின் தலைக்குப் பின்னால் கையை வைத்து, "நாடியை உள்ளுக்கு எடு, இன்னும், சரி, இப்ப சரி" என்று சொல்கிற பெண்ணின் முகத்தைக் கவனியுங்கள். போன மாதம் தோற்று அழுதவள் அவள். இப்போது இந்த மண்டபத்தில் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சிலரை நடுவர் வேலைக்குப் பழக்குங்கள். முதலில் உங்கள் சனிக்கிழமைக் கூட்டங்களில் ஊதுகுழலைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பிழை விட்டாலும் நடுவில் புகாதீர்கள். 17 வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு கையாலும் அக்குளுக்குள்ளால் பூட்டிக் கழுத்தை அழுத்துகிற பிடி தடை என்பது போன்ற விதிகளை இப்படி ஊதிப் பழகியவர்தான் மறக்கமாட்டார். புள்ளி எழுதுவது, எடை பார்ப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, பஸ் ஒழுங்கு செய்வது எல்லாம் ஆள் தேவைப்படுகிற வேலைகள்.

வேலைக்கு வெளியூர் போனவர்களின் எண்ணையும் பதிவேட்டில் வைத்திருங்கள். வருடப்பிறப்புக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்கு வருவார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு பயிற்சி வையுங்கள். சப்பாத்து இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, மண்டபத்தில் இரண்டு சோடி கூடுதலாக இருக்கட்டும், 8ஆம் இலக்கம் ஒன்று, 9ஆம் இலக்கம் ஒன்று.